ஏரி எறா எங்கே போகிறது?

ஓடைமேடு, பழவேற்காடு
9 செப்டம்பர் 2025

உதயா,

போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் நான் கத்துகிறேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படி.

போன திங்கட்கிழமை நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் வழக்கம்போல ஏரியிலிருந்து ஏறி ரமேஷ் கொட்டகைக்குப் போனோம். இடுப்புக்குக் கீழே எல்லாம் சேறு. வாயில் கடித்திருந்த ஓலைப் பறியை எடுத்துத் தராசில் கொட்டப் போனால், ரமேஷ் தராசின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். உன் கம்பெனிக்கு எங்களிடம் எறா வாங்கித் தருகிற ஏஜெண்ட் அவன். எங்கள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

“அக்கா, இன்னிலேர்ந்து கிலோ நூத்தித் தொண்ணூறுதான்.”

முந்தின நாள் வரை முந்நூற்றிருபது.

“இன்னாடா சொல்ற?”

“அமெரிக்காகாரன் வரி போட்டுட்டான்க்கா. நம்ம எறாவுக்கு அம்பது பர்சண்ட். நான் இன்னா பண்றது, பேப்பர் வந்துகீது.”

இறால் கொள்முதல் விலை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை ஹேமாவதிதான் சத்தமாகப் படித்தாள். டிகிரி முடித்துவிட்டு எங்களோடு தண்ணீரில் இறங்குகிற பெண், உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் கொள்முதல் பொறுப்பாளர் என்று போட்டிருந்த உன் பெயரைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ராஜம்மா அக்கா மட்டும் ரமேஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன் போட்ட வரிய நான் ஏன்டா கட்டணும்? எனக்கு அவன் இன்னா ஒறவு?” என்றாள்.

அந்தச் சூட்டில்தான் உனக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். பேசியதை எல்லாம் இங்கே திரும்ப எழுதவில்லை. ஆனால் கத்திய கத்தலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். ஒரே ஒரு கேள்வி.

நாங்கள் கையால் தடவிப் பிடிக்கிற இந்த ஏரி எறா அமெரிக்காவுக்குப் போகிறதா, இல்லையா?

போகிறது, இல்லை, ஏதாவது ஒன்று எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஜமுனா


பீமவரம்
17 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சத்யாவும் பாப்பாவும் நலம்.

முதலில் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நீ போனில் என்னைக் கம்பெனி நாய் என்றாய். நாற்பது பேர் கேட்கும்படி சொன்னாய். ராஜம்மா அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள், அவளும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். நான் அலுவலகத்தில், பக்கத்து மேஜையில் ஜெஸ்ஸி உட்கார்ந்திருக்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு “சரி, சரி” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கே அசிங்கமாக இருந்தது.

விலை விஷயம். நீ நினைப்பதுபோல் ஒருவர் உட்கார்ந்து உங்கள் வயிற்றில் அடிக்கத் திட்டம் போடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வரி ஏறியதும் ஆர்டர்கள் அப்படியே நின்றுவிட்டன. இங்கே பண்ணைக்காரர்கள் குளத்தை வற்றவிட்டுக் காத்திருக்கிறார்கள். குளிர்பதனக் கிடங்கில் இடமில்லை. கம்பெனியை நம்பி அறுநூறு பேர் இருக்கிறார்கள். இந்தச் சுமையை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பகிர்ந்துகொண்டால்தான் கம்பெனி நிற்கும். எல்லாக் கொள்முதல் நிலையங்களுக்கும் விலை குறைத்து ஒரே மாதிரி உத்தரவு போனது. கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் போடாவிட்டால் இன்னொருவர் போட்டிருப்பார்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. வரி வரி என்று ராஜம்மா அக்கா கேட்கிறாள். என் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். அதிலிருந்துதான் ரேஷன் அரிசி, பெண்களுக்கு இலவச பஸ், உரிமைத் தொகை எல்லாம் வருகிறது. ஊரில் யாரும் ஒரு ரூபாய் வரி கட்டியதில்லை. ஆனால் முதலில் கேள்வி கேட்பது அவர்கள்தான். நான் சொல்வது தப்பாக இருந்தால் சொல்.

நீ கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. சரக்கு பல வழியாகப் போகும், கலக்கும், பிரியும். அது வியாபாரம். அதை விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். கால் வெடிப்புக்குச் சத்யா ஒரு களிம்பு சொன்னாள், பெயர் தனியாக எழுதியிருக்கிறாள்.

உன் தம்பி
உதயகுமார்


ஓடைமேடு
25 செப்டம்பர் 2025

உதயா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

நாய் என்று சொன்னது தப்பு. அதற்கு வருந்துகிறேன். மற்றது எதற்கும் வருந்தவில்லை.

தப்பாக இருந்தால் சொல் என்றாயே, சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று மளிகைக் கடைக்குப் போனேன். துணி சோப்பு, டீத்தூள், பல் பொடி, போனுக்கு ரீசார்ஜ், அப்புறம் சத்யா எழுதின களிம்பு. பில்லை ஹேமாவதியிடம் காட்டினேன். “இதுல எதுலடி வரி கீது?” என்று கேட்டேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். எல்லாவற்றிலும் இருந்தது. களிம்பிலும் இருந்தது உதயா. சேற்றில் நின்று கால் வெடித்தால், அந்த வெடிப்புக்கும் வரி கட்டிவிட்டுத்தான் நான் மருந்து தடவுகிறேன். உன் முதலாளி குளிக்கிற சோப்புக்கு அவர் என்ன வரி கட்டுகிறாரோ அதேதான் எனக்கும். அவருக்கு அது போவதே தெரியாது. எனக்கு அது அரை மணி நேரம் தண்ணீரில் தவழ்கிற கூலி.

உன்னிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது, அதில் வரி என்று எழுதியிருக்கிறது, அதனால் நீ கட்டினவன். எங்களுக்கு யாரும் எழுதித் தருவதில்லை, அதனால் நாங்கள் ஓசிச் சோறு. இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

இதை எல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொன்னேரி காலேஜில் நீ மாணவர் சங்கத்தில் இருந்தாய். நான் கூட்டத்துக்கு வரமாட்டேன், வெட்கமாக இருக்கிறது என்று சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற்றினாய். “அக்கா, நம்ம கிட்ட ஏன் இல்லன்னு கேக்கறத வுடு. யார் கிட்ட கீது, எப்படி வந்துச்சுனு கேளு” என்றாய். எனக்கு அப்போது பாதி புரியவில்லை. நீ சொன்னதால் நம்பினேன். நீ போய்விட்டாய். நான் இன்னும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இங்கே நிற்கிறேன்.

இருபதாம் தேதியிலிருந்து ரமேஷுக்கு எறா போடுவதை நிறுத்திவிட்டோம். சங்கத்துக் கவியரசன் தோழர் பொன்னேரியிலிருந்து வந்து, “இத நீங்களே முடிவு பண்ணுங்க, நான் பண்ணக் கூடாது” என்றார். கை தூக்கச் சொன்னோம். நாற்பத்திரண்டு கையும் எழுந்தது. இப்போது நாங்களே கூடையில் சுமந்து போய்ப் பொன்னேரி மார்க்கெட்டிலும் அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலிலும் விற்கிறோம். ஐஸ் இல்லாமல் பாதி கெட்டுப் போகிறது. மார்க்கெட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்கள் எங்களை விரட்டுகிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை, அவர்களுக்கும் அந்த இரண்டடி இடம்தான் சோறு.

போகிறதா, இல்லையா?

ஜமுனா


ஓடைமேடு
8 அக்டோபர் 2025

உதயா,

பதில் வரவில்லை. இருந்தாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராஜம்மா அக்காவைத் திருக்கை மீன் குத்திவிட்டது. மார்க்கெட்டில் பாதி வீணாகிறதே என்று இரண்டு மடங்கு பிடிக்கப் பார்த்தாள். காலையில் இறங்கினவள் மதியம் வரை ஏறவில்லை. யாரும் போகாத வடக்குச் சேற்றுப் பக்கம் தனியாகப் போயிருக்கிறாள். முள் கால் விரல்களுக்கு நடுவில் இறங்கி முறிந்துவிட்டது. இரண்டு பேர் தோளில் போட்டுக் கரைக்குக் கொண்டு வந்தோம். வலியில் மண்ணைக் கடித்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கால் கறுத்துக்கொண்டு வருகிறது.

நேற்று ஏழு பேர் மறுபடி ரமேஷ் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். நூற்றித் தொண்ணூறுக்கே போட்டார்கள். அதில் ஒருத்தி ராஜம்மாவின் சொந்தத் தங்கை. நான் அவளைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேச என்ன இருக்கிறது, அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

பதினேழாம் தேதி தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை. எங்கள் எறா முழுக்க ஏற்றுமதிக்குப் போகிறது, அதனால்தான் விலையைக் குறைத்தோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதாம்.

ஜமுனா


பீமவரம்
13 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜம்மா அக்காவைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகத்துக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வந்துவிடலாம் என்று இரண்டு பஸ்ஸில் ஏறி இரண்டிலிருந்தும் இறங்கினேன். அந்தக் கரையில் என்னை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

உன் முந்தின கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். நீ கேட்டதற்குப் பதில் எனக்கு நன்றாகவே தெரியும். நான் ஏன் விலகினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

2010 புயலுக்கு அப்புறம், கையால் எறா பிடிக்கிறவர்களுக்கும் நிவாரணம் கொடு என்று ரோட்டை மறித்தோமே, அன்று பதினொரு நாள் உள்ளே வைத்தார்கள். உள்ளே இருந்ததைப் பற்றி ஊரில் வீரமாகப் பேசினேன். உண்மையில் முதல் நாளே பயந்துவிட்டேன். அதைவிட, வெளியே வந்த பிறகு நான்கு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தேனே, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நைனா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு கூட வருவார். கோர்ட் வராந்தாவில் யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்பார். காவலாளியைப் பார்த்தாலும் நிற்பார், டீ கொண்டு வருகிறவனைப் பார்த்தாலும் நிற்பார். “உக்காரு நைனா” என்றால், “இர்க்கட்டும்டா, உனுக்கு எதனா கெட்டதா ஆய்டும்” என்பார். கேஸ் முடிவதற்கு முன்னால் அவர் முடிந்துவிட்டார். கேஸ் இருக்கிறது என்று இரண்டு அரசு வேலை என் கையை விட்டுப் போனது. மூன்றாவதாகக் கிடைத்தது இந்த வேலை. இவர்கள் கேஸ் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நன்றியாக இருந்தது.

என் எண்ணம் மாறிவிட்டது என்று இத்தனை வருடம் நானே நம்பிக்கொண்டிருந்தேன். உன் சோப்புக் கணக்கைப் படித்தபோதுதான் தெரிந்தது. எண்ணம் மாறவில்லை. பயந்தேன், அந்தப் பயத்துக்குப் பொருத்தமாக ஒரு எண்ணத்தைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

போன வாரம் முதலாளி புது வீட்டுக்குக் குடி போனார். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அங்கே கம்பெனியின் ஆடிட்டர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார், இந்த வருடம் ஒன்றும் மோசமில்லை, அமெரிக்காவில் போனதை இங்கே கொள்முதலில் எடுத்துவிட்டோம் என்று. ஏற்றுமதி செய்ததற்காக அரசாங்கம் திருப்பித் தருகிற வரியும் தனியாக வந்துவிட்டது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். கொள்முதல் என் பொறுப்பு.

நீ கேட்டதை நான் காகிதத்தில் எழுத முடியாது அக்கா. பாப்பா இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். ஆனால் ரமேஷ் கொட்டகையில் ஏற்றுகிற ஐஸ் வண்டி பொன்னேரி தாண்டித் தச்சூர் கூட்டு ரோட்டுக்கு வரும். ஏற்றுமதிச் சரக்கைக் கட்டுகிற எங்கள் பீமவரம் ஆலைக்கு வருவதென்றால் அங்கே வலது பக்கம், ஆந்திரா பக்கம் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்க்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

உதயா


ஓடைமேடு
23 அக்டோபர் 2025

உதயா,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. பதினேழாம் தேதிப் பேச்சுவார்த்தை அதற்குள் நடந்து முடிந்துவிட்டது. கம்பெனியின் ஆள் ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, ஏரி எறா முழுக்க ஏற்றுமதிதான் என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எங்களிடம் ஆவணம் கேட்டார்கள். எங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது? நவம்பர் ஏழுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நைனாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். அவர் கோர்ட்டுக்கு வருவார் என்று தெரியும். எழுந்து நிற்பார் என்று தெரியாது. நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நேற்று ஹேமாவதியின் ஸ்கூட்டரில் அந்த வண்டிக்குப் பின்னால் போனோம். அவள் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர், அவருடைய ஹெல்மெட்டை எனக்கு மாட்டிவிட்டாள். என் தலைக்குப் பெரியது, ஒவ்வொரு மேட்டிலும் கண்ணை மறைத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டு ரோட்டில் வண்டி சிக்னலில் நின்றபோது ஹெல்மெட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலது பக்கம் திரும்பிவிட்டால் அவர்கள் சொல்வது உண்மை, நாற்பத்திரண்டு பேரைப் பட்டினி போட்டது நான்.

இடது பக்கம் திரும்பியது. மெட்ராஸ் பக்கம்.

சிட்டிக்குள்ளே போய் ஒரு பெரிய ஓட்டலின் பின்வாசலில் நின்றது. மூன்று பெட்டி இறக்கினார்கள். அப்புறம் இன்னொரு ஓட்டல். அங்கே நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிவிட்டேன். பெட்டியை வாங்கி வைத்த சமையல்காரப் பையனிடம் போய்க் கேட்டேன்.

“தம்பி, இது எந்த ஊரு எறா?”

“பழவேற்காடு ஏரி எறாம்மா. மெனுலயே அப்டித்தான் போட்டுக்குது. அதுக்குத்தான் அந்த ரேட்டு.”

“இன்னா ரேட்டு?”

“ஒரு பிளேட்டு எண்ணூத்தி அம்பது. ஆறு பீஸ் வரும். ஏம்மா, வேலைக்கு வந்தீங்களா?”

நான் என் கையைப் பார்த்தேன். நேற்றைக்கு முந்தின நாள் எறாக் கொம்பு குத்தின இடம் வீங்கியிருந்தது. அந்தப் பெட்டியில் என் எறாவும் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இருக்க முடியாது, நான்தான் ரமேஷுக்குப் போடுவதில்லையே. அது ராஜம்மாவின் தங்கை பிடித்ததாக இருக்கும். ஆறு பீஸ் எண்ணூற்றைம்பது. அவளுக்குக் கிலோ நூற்றித் தொண்ணூறு. இதில் அமெரிக்கா எங்கே வருகிறது?

அந்தப் பையன் நல்லவன். மெனு அட்டையைக் கொண்டு வந்து காட்டினான், ஹேமாவதி போட்டோ எடுத்துக்கொண்டாள். கவியரசன் தோழர் பார்த்துவிட்டு, “இது ஒரு நாளு, ரெண்டு ஓட்டலு. மீதி ஏத்துமதிக்குப் போச்சுனு சொல்வாங்க” என்றார். கம்பெனிக்குள்ளே இருக்கிற காகிதம் வேண்டும் என்றார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது என் வீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

நீ எதையும் செய்ய வேண்டாம் உதயா. பாப்பா இருக்கிறாள், எனக்குப் புரிகிறது. ஆனால் செய்யாமல் இருப்பதற்கு இனிமேல் எனக்கு ஒரு காரணமும் எழுதாதே. அறுநூறு பேர், சுமை, பகிர்வு, எதுவும் வேண்டாம். பயந்தேன் என்று எழுதினாய் பார், அது போதும். அதற்குப் பிறகு என்னால் உன்னிடம் கோபமாக இருக்க முடியவில்லை.

அக்கா


பீமவரம்
31 அக்டோபர் 2025

அக்கா,

புயல் கரை கடந்து இரண்டு நாள் இங்கே கரண்ட் இல்லை. இன்றைக்குத்தான் தபால் எடுக்கிறார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், ஏழாம் தேதிக்குள் வந்துவிடும்.

உள்ளே தாசில்தாருக்கு எழுதின கடிதம் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஓடைமேடு கொட்டகையில் வாங்கின ஏரி எறா ஒரு கிலோகூட ஏற்றுமதி ஆகவில்லை, எல்லாம் சென்னை ஓட்டல்களுக்குப் போனது, அந்த ஓட்டல்களுக்கு விற்ற விலை ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு ரூபாயும் குறையவில்லை. இதுதான் விஷயம். அனுப்புச் சீட்டுகளின் எண்களும் தேதிகளும் எழுதியிருக்கிறேன். சீட்டுகளை எடுத்து வரவில்லை, அவை கம்பெனியுடையவை. கேட்டால் அவர்கள் காட்டித்தான் ஆக வேண்டும். விலையைக் குறைத்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான், காரணம் பொய் என்று தெரிந்தே போட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆனது.

சத்யாவிடம் சொன்னேன். அவள் என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய விலையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ரமேஷின் தராசையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது கிலோவுக்கு எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியும், அதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். விலை இறங்கியும் போட வந்த அந்த ஏழு பேரையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதயா


ஓடைமேடு
10 நவம்பர் 2025

உதயா,

ஏழாம் தேதி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கவியரசன் தோழர் கொடுத்தார். தாசில்தார் படித்துவிட்டுக் கம்பெனி ஆளிடம் நீட்டினார். அந்த ஆள் படிக்கும்போதே காது சிவந்தது. இது போலிக் கடிதம் என்றார். “கையெழுத்து உங்க ஆளோடதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க” என்று தாசில்தார் கேட்டார். அந்த ஆள் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். வந்து, “அந்த ஆளை நேத்தே வேலையை விட்டு எடுத்துட்டோம், அவர் சொல்றது செல்லாது” என்றார்.

உன்னை வேலையிலிருந்து எடுத்ததை நான் அவர் வாயால்தான் கேட்டேன்.

“வேலைய வுட்டு எடுத்துட்டா, போன எறா திரும்பி வந்துடுமா?” என்றாள் ராஜம்மா அக்கா. ஆமாம், அவளும் வந்திருந்தாள். கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள், காலில் கட்டோடு ஆட்டோவில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “அந்தச் சீட்டக் கொண்டாங்க, பாக்கலாம்” என்றாள். தாசில்தாரும் அதையே கேட்டார். மதியம் வரை இழுத்தார்கள். சீட்டு வரவில்லை. கடைசியில் கிலோ முந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முந்நூற்றிருபது கேட்டோம், கிடைக்கவில்லை. தராசை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். பொங்கல் வரைக்கும்தான் இந்த ஒப்பந்தம், அப்புறம் மறுபடி பேச வேண்டும். கையால் பிடிக்கிறவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் கேட்ட மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உன் காலத்திலிருந்து வாங்கி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏழு பேரைச் சேர்த்துக்கொள்வதில் ஊரில் பெரிய சண்டை. ராஜம்மாதான் முடித்து வைத்தாள். தங்கையைப் பார்த்து, “வாடி, வந்து என் கட்டப் பிரிச்சு வுடு” என்றாள்.

ஊர் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சத்யா நேற்று போன் செய்தாள். அழவில்லை, கத்தவில்லை. “உங்களுக்கு நாப்பது பேரு இருக்காங்க அண்ணி. எனக்கு இவரு ஒருத்தர்தான்” என்றாள். வைத்துவிட்டாள்.

உன் கடிதத்தைக் கவரிலிருந்து எடுத்தபோதே உன் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். கிழித்துப் போட்டிருக்கலாம். இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். ராஜம்மாவின் காலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். மறுபடி அதே நிலை வந்தாலும் கொடுப்பேன் என்று தெரிகிறபோது அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மூவரும் இங்கே வந்துவிடுங்கள். வீடு சின்னதுதான். சத்யாவிடம் நான் பேசுகிறேன்.

அக்கா


பீமவரம்
24 நவம்பர் 2025

அக்கா,

கம்பெனி ஆள் அன்று போன் பேசின பிறகுதான் என்னை எடுத்தார்கள், நேற்றே என்றது பொய். வேலை போகும் என்று உனக்கு எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதியிருந்தால் நீ அந்தக் கடிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று மறுபடி யோசித்திருப்பாய். நீ மன்னிப்புக் கேட்காதது சரிதான். நான் அந்தக் கடிதத்தை உனக்காக எழுதவில்லை. தம்பி அக்காவுக்குச் செய்த உதவி என்று ஊரில் யாராவது சொன்னால் மறுத்துப் பேசு.

கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னதாக ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை கூப்பிட்டார்கள், போனேன். இந்த முறை என்னோடு வந்து வராந்தாவில் எழுந்து நிற்க யாரும் இல்லை என்பது ஒருவிதத்தில் நிம்மதி. சத்யா ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். பேசுகிறாள். கொஞ்சம்தான்.

நாங்கள் ஊருக்கு இப்போது வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

போன வாரம் என் பழைய கம்பெனியில் எறா உரிக்கிற பெண்கள் ஐந்து பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜெஸ்ஸிதான் முகவரி கொடுத்திருக்கிறாள். ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கி இருக்கிறவர்கள். ஐஸில் கை வைத்து வைத்து விரல் நுனி எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அமெரிக்க வரியைச் சொல்லி அவர்கள் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்களாம். பழவேற்காட்டுக்காக நான் ஒரு கடிதம் எழுதினேன், அங்கே விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதேபோல் எங்களுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

உங்களுக்கு எழுதினது சுலபம் அக்கா. கம்பெனி சொன்னது பொய், பொய் என்று எழுதினேன், முடிந்தது. ஆனால் இவர்கள் உரிக்கிற எறா அமெரிக்காவுக்குத்தான் போகிறது. வரி உண்மை. ஆர்டர் குறைந்ததும் உண்மை. எண் போட்டு, தேதி போட்டு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இதை அவர்களிடம் அப்படியே சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. அதில் ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். நல்ல வருடங்களில் எங்கள் கூலியை ஏற்றினார்களா என்று கேட்டாள். இல்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே ஏழு வருடம் இருந்தேன். லாபம் வந்தபோது எங்களிடம் பகிராதவர்கள் நஷ்டம் வந்ததும் ஏன் பகிர்கிறார்கள் என்று கேட்டாள். தெலுங்கில், ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் உனக்கு எழுதினேன். அதை நினைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

நாளைக் காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் கூடுவது என்று பேசியிருக்கிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. இருநூறு என்கிறார்கள், இருபது வந்தாலும் பெரிது. என்னைத்தான் முதலில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து வருடமாக நான் ஒரு கூட்டத்தில் பேசியதில்லை. தெலுங்கில் பேசியதே இல்லை. சாயங்காலத்திலிருந்து அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். பயம் போகவில்லை அக்கா.

நாளைக்கு என்ன ஆனது என்று எழுத முடிந்தால் எழுதுகிறேன். சட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

உதயா